உன் படத்தைக் கழற்றிவிட்டேன்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் ஏணியில் ஏறாதீர்கள் என்றால் இன்னும் கேட்பதில்லை. போன வாரம் நீ போனில் கூப்பிட்டபோது குளிக்கிறேன் என்று அப்பாவைச் சொல்லச் சொன்னேன், குளிக்கவில்லை, உன்னிடம் பேச முகமில்லாமல்தான் உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ லீவில் வந்தபோது நம் பேட்டரிக் கடையில் உட்கார்ந்து நீ ஆராய்ச்சி செய்கிற கிராஃபீன் பற்றிச் சொன்னாயே, கரியிலிருந்து எடுக்கிற ஒரே ஓர் அணு கனமுள்ள தாள், இலை நரம்பு தண்ணீரை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோகிற மாதிரி அதில் வழி அமைத்தால் பேட்டரியில் மின்சாரம் சட்டென்று ஏறும் இறங்கும் என்று. அன்றைக்கே, “இன்னும் நகம் அளவுதாம்மா வந்திருக்கு, கடைக்கு வர ரொம்ப நாளாகும்” என்றும் சொன்னாய். நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்துவிட்டேன். அதைக் கேட்டோ என்னவோ ஒரு ஏஜென்ட் வந்தான், கிராஃபீன் என்று பளபளவென்று ஒட்டிய பேட்டரிகளை இறக்கினான். கையில் தூக்கியபோதே இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று உறுத்தியது, புதுப் பொருளே லேசானதுதானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இத்தனை வருஷம் பேட்டரி விற்கிறவள், ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம். நீ பட்டம் வாங்கிய படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டி, என் மகள் கண்டுபிடித்தது என்றே சொல்லி விற்றேன். அப்பா “வேண்டாம்டி, அது வேற இது வேற” என்றார், அவர் வாயையும் அடைத்துவிட்டேன்.

பின் தெருவில் மெஷினில் கோழிக்குஞ்சு பொரித்து விற்கிற அக்கா உனக்கு நினைவிருக்கும், நீ சின்னப் பிள்ளையாக அங்கேயே கிடப்பாயே, அவர் மெஷினுக்கு ஏற்கெனவே இருந்த நல்ல பேட்டரியை எடுத்துவிட்டு இதை வைத்தார். போன வாரம் மத்தியானம் போன கரண்ட் ராத்திரிதான் வந்தது, பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. முட்டை ஓட்டை உள்ளிருந்து அலகால் குத்த ஆரம்பித்திருந்த குஞ்சுகள், கண்ணு, அத்தனையும் உள்ளேயே விறைத்துப் போயின. சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன், வரட்டும், வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அவர் வந்து உன் படத்தைப் பார்த்துவிட்டு, “பாப்பாவைத் திட்டிடாதீங்க, முதல் முதல்ல செய்யுறப்ப அப்படித்தான் ஆகும், அடுத்ததைச் சரியா செய்வா” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அதுதான், குஞ்சுகள் செத்ததைவிட அந்தத் தலையாட்டல்தான் என்னை அரிக்கிறது.

அவர் போனதும் கடையில் மிச்சமிருந்த ஒரு பேட்டரியைப் பிரித்தேன். யாரோ கழித்துப் போட்ட பழைய செல்களை டேப் சுற்றி அடுக்கியிருந்தான். ஏஜென்டைக் கூப்பிட்டால் போன் மணி அடிக்கவே இல்லை. படத்தைக் கழற்றினேன், விற்ற வீடுகளுக்கெல்லாம் போய்த் திரும்ப எடுத்துக்கொண்டு நல்லதை வைத்துக் கொடுத்துவருகிறேன். அக்கா வீட்டுக்குத்தான் முதலில் போனேன். என் மகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அவள் செய்வது இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை, பொய் சொன்னது நான் என்று நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை அவர். மெஷினின் காலி முட்டைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கடைசியில், “சரி, அவ செய்யுறது நிஜமா வரும்போது, இதான் அதுன்னு நாங்க எப்படி நம்புறது?” என்று மட்டும் கேட்டார்.

அந்தப் போலி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் எல்லாரும் ராப்பகலாக உட்கார்ந்து செய்கிற ஒன்றின் பெயரை, அது வருவதற்கு முன்பே இந்தத் தெருவில் கெடுத்துவிட்டேன். ஆறுதலாக எதுவும் எழுதாதே, கோபமிருந்தால் அதையே எழுது. அக்காவுக்கும் நீயே ஒரு வரி எழுது, என் வாயால் இனி எது சொன்னாலும் எடுபடாது.

உன் கையால் தொடுவதெல்லாம் நல்லபடி துலங்கட்டும், நோய்நொடி இல்லாமல் இரு. பரிசோதனை செய்யும்போது கண்ணாடி போட மறக்காதே.

தலைகுனிந்து,
உன் அம்மா