செவலையைக் கட்டிப் போடாதீர்கள்

என்னங்க,

முதல் ஷிப்டில் பீங்கான் சூளையிலிருந்து சரக்கு இறக்க வேண்டும், கிளம்பிவிட்டேன். புளிச்சாதம் அடுப்பு மேலேயே இருக்கிறது.

பெண்ணாடத்திலிருந்து உங்கள் அண்ணன் வருவார். பால் சொசைட்டிக்கு ஒரு தடவை தலைவராக இருந்ததிலிருந்து, மாட்டு வயிற்றுக்குள் நடப்பதெல்லாம் அவருக்கு வெளியிலிருந்தே தெரிகிறது. "வயித்தக் கிழிச்ச மாடு அசையவே கூடாதுடா" என்று செவலையை மறுபடியும் குட்டைக் கயிற்றில் கட்டச் சொல்வார். டீ கொடுங்கள், கயிற்றைக் கொடுக்காதீர்கள்.

செவலை தின்ற பாலிதீன் பைகளை எடுத்துவிட்டுத் தையல் போட்ட டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "ஒரே எடத்துல கட்டிப் போடாதீங்க. மெதுவா நடக்க வுடுங்க, ஊசிய நிறுத்தாதீங்க. இல்லன்னா வயிறு உள்ளயே சதையோட ஒட்டிக்கும், அப்புறம் தீனி எடுக்காது."

பளபளப்புக்குக் கிளேஸ் பூசிய பீங்கான் கோப்பைகளை இடைவெளி விடாமல் அடுக்கினால் சூளைக்குள் ஒன்றாக ஒட்டிவிடும் என்று எனக்கே பாடம் எடுப்பவர் நீங்கள். இதற்கு மட்டும் அண்ணன் எதற்கு?

வெயில் ஏறுவதற்குள் வேப்பமரம் வரைக்கும் நடத்துங்கள். சாயங்காலம் கம்பவுண்டர் ஊசி போட வருவார். தையலில் யாரும் மஞ்சள் பூசக் கூடாது. தலைவர்களும்தான்.

பூங்கோதை

பி.கு: நேற்று "உங்கண்ணனயே கட்டிக்கிட்டு அழுவுங்க" என்றேன். அதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் ஆபரேஷன் முடியும்வரை கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள். அண்ணன் வெளியே நின்று செல்போனில் வர்ணனை செய்துகொண்டிருந்தார். செவலை உங்கள் பின்னால்தான் வரும். கூப்பிட்டுப் பாருங்கள்.