முதல் கரண்டி கஷாயம்

நம் கும்சொல்லின் அப்பாவுக்கு,

பணிவோடு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நம் ஊர் யெஞ்சியில் பனி விழத் தொடங்கியிருக்கும், கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதீர்கள். சியோலில் நான் சுகம். நோயாளியைப் பார்த்துக்கொள்ள என்னைப்போல ஆள் கிடையாது என்று நர்ஸே சொல்கிறாள்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நான் பார்த்துக்கொள்ளும் கூ அம்மாளுக்கு, நிமோனியாவுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கால் வயிற்றுப்போக்கு வந்து ஆளே துரும்பாகிவிட்டார். டாக்டரைக் கேட்டுக்கொண்டு அவர் மகள் சுக்கும் ஜின்செங்கும் போட்ட கஷாயம் வாங்கி வந்தாள். அம்மாள் வாயைத் திறக்கவில்லை.

"அடம் பிடிக்காதீங்க பெரியம்மா, குடிக்கலேன்னா உயிர் தங்காது" என்றேன் நான்.

"ஒம் பின்னாடி நிக்குற புள்ளைக்கு மொதல்ல குடுடி. அது தாகத்தோட பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு எப்படி எறங்கும்?"

நான் சிரித்துக்கொண்டே, வயலில் சாப்பிடும் முன் ஆவிகளுக்கு ஒரு பிடி சோறு எறிவோமே, அதுபோல "கோசிரே!" என்று ஒரு கரண்டியைத் தரையில் ஊற்றினேன். அம்மாள் மடமடவென்று குடித்தார். துடைக்கக் குனிந்தேன். தரையில் ஈரமே இல்லை.

இப்போது அவருக்குப் போக்கு நின்று, கஞ்சி குடிக்கிறார். நேற்று, "அந்தப் புள்ள எப்படி இருக்கும்?" என்று சும்மா கேட்டேன்.

"ஒத்தக் கால்லதான் செருப்பு இருக்கு."

நம் குழந்தை ஹ்வாசுனைப் பேதி கொண்டுபோனபோது ஒற்றைச் செருப்போடுதானே புதைத்தோம். இங்கே யாருக்கும் நான் அதைச் சொன்னதில்லை.

பயப்படாதீர்கள். மிளகாய்த்தூள் அனுப்பும்போது, வீட்டுப் பெட்டியில் இருக்கும் அந்த இன்னொரு செருப்பையும் வைத்து அனுப்புங்கள். ஆஸ்பத்திரித் தரை சில்லென்றிருக்கிறது.

மணி அடிக்கிறார்கள், ஓடுகிறேன்.

கும்சொல் அம்மா