கண்ணாடி ஓட்டில் இருபத்தெட்டுக் கோடு

1 ஒக்டோபர் 2024, செவ்வாய்

இருநூற்றுப் பன்னிரண்டாவது படம் முடிந்தது. கடலாய்வு நிலையம் என்னைப் போன்ற ஆர்வக்காரருக்குக் கணினியில் அனுப்பும் படங்கள். கண்ணுக்குத் தெரியாத பாசி. ஓடு கண்ணாடி, அதன்மேல் சீப்புப் பல் போலக் கோடுகள். குறித்த நீளத்துக்குள் முப்பதுக்குக் குறைந்தால் ஓரினம். முப்பதோ கூடவோ என்றால் மற்றது, நஞ்சுள்ளது. கண் தவறாமலிருக்க, ஒரு கோட்டுக்குச் செபமாலையில் ஒரு மணி தள்ளுவேன். பத்து மணிக் கட்டு ஒன்று தாண்டினால் கொப்பியில் பத்து என்று எழுதுவேன்.

4 ஒக்டோபர்

நிலையத்துப் பொறுப்பாளர் ஃபிறாவ் லோமான் போன் எடுத்தா. என் கணக்குச் சுத்தமாம். அங்கே வந்தே எண்ணலாமாம், நாளுக்கு நான்கு மணித்தியாலம், சம்பளத்தோடு. பதினைந்தாம் திகதி நேரில் வரச்சொல்லித் தெர்மின்.

நான்கு மணித்தியாலம் வெளியே! என் மனுசன், இவருக்கு இருதய ஒப்பரேசன் நடந்து ஒன்றரை வருடம். சுகம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இருந்தும் கடையில் இருபது நிமிடம் பிந்தினால் மூன்று தரம் போன்.

"பாசி எண்ணவோ? எனக்கு ஏதும் நடந்தா பாசியே வந்து தூக்கும்?"

"பக்கத்து வீட்டில புஷ்பா அக்கா இருக்கிறாதானே."

"ஓ, போ, போ. வந்து என்ர சவத்தைப் பார்."

5 ஒக்டோபர்

போறன். கட்டாயம் போறன்.

9 ஒக்டோபர்

பின்னேரச் செபம். என் விரல் பெரிய மணியில் நின்றது. நின்றேவிட்டது. பத்துச் சின்ன மணி, பிறகு ஒரு பெரியது — அதையும் ஒரு கோட்டுக்குத் தள்ளியிருக்கிறேனே! பத்து என்று எழுதியதெல்லாம் பதினொன்று. இருபத்தெட்டு என்று எழுதியது முப்பது. நஞ்சுள்ளதை நஞ்சில்லாதது என்று அனுப்பியிருக்கிறேன். மாதாவே, என்ன செய்துபோட்டன்?

10 ஒக்டோபர்

சொல்லாவிட்டால் ஆருக்குத் தெரியும்? சொன்னால் வேலை போய்விடும். இவருக்குச் சொல்லவில்லை. சந்தோசப்படுவார்.

11 ஒக்டோபர்

எழுதி அனுப்பினேன். முப்பத்தேழு படத்தில் இனமே பிழை. இலக்கங்களோடு.

14 ஒக்டோபர்

நாளைக்கு வரவேண்டாம், பிறகு அறிவிக்கிறோம் என்று நிலையத்திலிருந்து ஒரு வரி.

15 ஒக்டோபர்

மீன் குழம்பு வைத்தேன்.

22 ஒக்டோபர்

ஃபிறாவ் லோமானின் போன். இவர்தான் எடுத்தார். தன் இருதயக் கதை முழுவதையும் அவவின் டொச் மொழியில் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் தந்தார்.

தன் பிழையைத் தானே சொன்ன ஆள் இதுவரை நான் ஒருத்திதானாம். வேலை எனக்குத்தான். முதலில் எல்லாப் படத்தையும் திரும்ப எண்ண வேண்டும். "கணவருக்குச் சுகமில்லையாமே, வீட்டிலிருந்தே செய்யுங்கள்" என்றா, அவ்வளவு அன்பாக.

இல்லை, நான் வாறன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நன்றி சொன்னேன்.

28 ஒக்டோபர்

புதுக் கணினி வந்தது. இவர் தானே மேசையை இழுத்துத் தன் கதிரைக்குப் பக்கத்தில் போட்டார்.

"பாத்தியே, இனி நீ ஒரு இடமும் அலையத் தேவையில்லை."

"யன்னல் பக்கம் போடுங்கோவன்."

வெளிச்சம் திரையில் விழும் என்று சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.