அலமாரிமேல் வைத்த புத்தகங்கள்

நெஸ், லூயிஸ் தீவு
ஜூன் 6, சனிக்கிழமை

அன்பு மகள் எஃபிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் தங்கை இஷ்பெல்லும் எழுந்து நடமாடி, வேளைக்கு ஏதோ சாப்பிட்டு இருக்கிறோம். அங்கே நியூசிலாந்தில் இப்போது குளிர் இறங்கியிருக்கும், மாட்டு ஆஸ்பத்திரியில் ஈரத்தில் நின்று வேலை செய்கிறவள், தடிமனான காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள். அப்பா போய் நேற்றோடு பதினாறு வாரம் ஆகிறது. கடிதத்தைப் பார்த்துப் பதறாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. நீ ஃபோனில் கூப்பிடுகிறபோது காற்று எப்படி, மழை எப்படி என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ காலேஜில் சேர ஹையர் பரீட்சை எழுதின வருஷம் அப்பா உன் புத்தகங்களை எடுத்து அலமாரிமேல் வைத்தாரே, அதைப் பற்றி. அதில் நீ நினைத்திருப்பது சரியில்லை, எட்டு வருஷமாக நான் அதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். கொஞ்சம் பொறு, எனக்கு நேராகப் போய்ச் சொல்லத் தெரியவில்லை, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால்தான் கை ஓடும்.

இந்த வருஷம் இஷ்பெல்லுக்கு ஐந்து பாடத்தில் ஹையர் பரீட்சை. ஜனவரியில் வைத்த மாதிரித் தேர்வில் எல்லாவற்றிலும் நல்ல மார்க் வாங்கியிருந்தாள், அபர்டீனுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கும் தாதிக்குப் படிக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லி, அவரும் தான் ஓட்டுகிற பள்ளிப் பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் பிப்ரவரி வந்தது. அதற்குப் பிறகு அவள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருப்பாள், பக்கம் திரும்பாது. பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு தாள் கொடுத்தார்கள், பரீட்சை நேரத்தில் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று. நேரத்துக்குத் தூங்க வையுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், மணிக்கொருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். உனக்குத் தெரியும், பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு முதியோர் இல்லத்தின் சமையல்கட்டுக்குப் போனவள் நான், பாடத்தில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, தாளில் போட்டிருந்ததை அப்படியே செய்தேன். பரீட்சைத் தேதிகளை ஃபிரிட்ஜில் ஒட்டினேன், ரேடியோவை நிறுத்தினேன், மணிக்கொரு தம்ளர் தண்ணீர் மாடிக்குக் கொண்டுபோனேன். நாலாவது தம்ளருக்கு அவள் தலையை நிமிர்த்தி, “அம்மா, நான் என்ன தொட்டிச் செடியா?” என்றாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது, நான் கீழே வந்து அழுதேன்.

பள்ளியில் பிள்ளைகளைக் கவனிக்கிற டீச்சர் நல்ல பெண். வீட்டில் சாவு நடந்திருக்கிறது, இஷ்பெல் சரி என்று சொன்னால் தேர்வு நடத்துகிறவர்களுக்கு நாங்கள் எழுதுவோம், ஜனவரியில் செய்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்றாள். எனக்கு நெஞ்சு லேசானது. இஷ்பெல் மேஜையைப் பார்த்துக்கொண்டே, “எங்கப்பா செத்தத வச்சு நான் மார்க் வாங்க மாட்டேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் வரும்போது நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அந்தப் பிடிவாதம் யாருடையது என்று உனக்குத் தெரியாதா. முதல் பரீட்சை இங்கிலீஷ், அன்றைக்குக் காலையில் பள்ளிப் பஸ் வந்து நின்றதும் அப்பாவின் இடத்தில் புது ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஏறாமல் நின்றாள், பஸ் போய்விட்டது. பக்கத்து வீட்டு மார்சலி இரவு உடுப்பின் மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தன் காரில் பட்டணத்துக்குக் கொண்டுபோய் விட்டாள், இல்லையென்றால் அன்றோடு முடிந்திருக்கும். குட்டி போடும் காலமும் அதே சமயம்தானே, உன் அப்பாவின் தம்பி நார்மன் வந்து வந்து ஆடுகளைப் பார்த்துக்கொண்டான், முப்பத்தொரு குட்டி, இரண்டு செத்துப்போயின.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். கெமிஸ்ட்ரி திங்கட்கிழமை காலை வந்தது, மே பதினெட்டு. உனக்கு வந்ததைப் போலவே திங்கட்கிழமை, உனக்கு வந்த அதே பாடம். சனிக்கிழமை வழக்கம்போல, வேலையும் படிப்பும் ஆகாத ஓய்வுநாளுக்கு வேண்டியதைச் செய்து வைத்தேன், சூப் காய்ச்சி, உருளைக்கிழங்கு தோல் சீவி, கொடியில் இருந்த துணியை உள்ளே எடுத்து. சாயங்காலம் மாடிக்குப் போனால் இஷ்பெல் நாற்காலியில் ஏறி நிற்கிறாள், கெமிஸ்ட்ரிப் புத்தகத்தையும் நோட்டுகளையும் தானே அலமாரிமேல் அடுக்குகிறாள். என்ன செய்கிறாய் என்றேன். “நாளைக்கு ஓய்வுநாள். அப்பா இருந்தா இதத்தானே செஞ்சிருப்பாரு” என்றாள். உனக்கு நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, அப்பா அதே நாற்காலியில் ஏறினதைக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். அவர் இல்லாத வீட்டில் அவருடைய வழக்கம் ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும் என்று பிள்ளை நினைத்திருக்கிறது, அதற்காகத் தன் பரீட்சையைக் கொண்டுபோய்ப் பணயம் வைக்கிறது. நான் கீழே வந்துவிட்டேன்.

அந்த வழக்கம் அவருடையது இல்லை, எஃபி. உன் வருஷம், அந்தச் சனிக்கிழமை அவர் சமையலறைக்கு வந்து, “டொலினா, நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணி நேரம் புள்ள படிக்கட்டும். ஓய்வுநாள்ல ஆடு குட்டி போடத் திணறுனா நான் போய்க் கை கொடுக்காமலா இருக்கேன்?” என்றார். நான்தான் மாட்டேன் என்றேன். “நீங்க சபைக்கு மூப்பராகி மூணு மாசம்கூட ஆகல. மூப்பர் வீட்ல ஓய்வுநாள்ல புத்தகம் விரிஞ்சு கெடந்துச்சுன்னா நான் கோயில்ல யார் மூஞ்சில முழிப்பேன்?” என்றேன். அவர் இன்னும் ஏதோ சொன்னார், நான் கேட்கவில்லை. நான் சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள், நீங்களே எடுத்து வையுங்கள் என்று அவரை அனுப்பினதும் நான்தான். அவர் மேலே போய், இந்த வீட்டில் வழக்கம் இதுதான் என்று உன்னிடம் சொன்னார். நீ ஞாயிறு முழுதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய்.

ஆகஸ்டில் மார்க் வந்தது, கெமிஸ்ட்ரி போய்விட்டது, மாட்டு டாக்டர் படிப்பும் போய்விட்டது. நீ முற்றத்தில் நின்று அப்பாவை, “ஒங்க பக்தி என் வாழ்க்கையத் தின்னுடுச்சு” என்று கேட்டாய். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தட்டுத் துடைத்துக்கொண்டு நின்றேன், ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது, அவர் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. நானும் வெளியே வரவில்லை. நீ போன பிறகு, நான் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன், சொல்லாதே என்று அவர் சொல்ல வேண்டும் என்கிற ஆசையோடுதான் கேட்டேன். “வேண்டாம், என்மேல கோவமா இருந்துட்டுப் போறா. வீட்ல ஒருத்தர்கிட்டயாவது அவ பேசணும்ல” என்றார். அந்த இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார், நானும் வெட்கமில்லாமல் அதில் உட்கார்ந்துகொண்டேன். சனிக்கிழமை உன் ஃபோன் மணி அடித்தால் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஆட்டைப் பார்க்கப் போய்விடுவார், ஆடு அங்கே சும்மாதான் நிற்கும். திரும்பி வந்து ஒன்றுதான் கேட்பார், நல்லாச் சாப்பிடுறாளா என்று. அடக்கத்துக்கு விமான டிக்கெட் கிடைக்கவில்லை என்று நீ சொன்னாய், நான் நம்பினதுபோல இருந்துகொண்டேன். உன்னை எப்படிக் குறை சொல்வேன், அந்த டிக்கெட்டைத் தடுத்தது நான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இந்தப் பதினாறு வாரமும் யோசித்தேன். ஊர் வாய்க்குப் பயந்தேன், அது உண்மை. அதற்கும் கீழே ஒன்று இருந்தது, அப்போது எனக்கே தெரியாது. நீ நன்றாக எழுதினால் தீவை விட்டுப் போய்விடுவாய் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்குக் கர்த்தருடைய நாளை வேலியாக வைத்தேன். நீ மார்க் இல்லாமலேயே போனாய், அதுவும் பூமியின் அடுத்த முனைக்கு. ஓய்வுநாளை நான் இன்றைக்கும் ஆசரிக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை, அதைத் தப்பான காரியத்துக்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் நான் ஒப்புக்கொள்வது.

மறுநாள் காலை ஆராதனைக்குப் போய் வந்தோம், சூப் குடித்தோம். இஷ்பெல் மேலே போய்ப் படுத்தாள், நீ படுத்த அதே கட்டில், அதே சுவர். நான் பின்னாலேயே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மேலே உனக்கு எழுதினதையெல்லாம் அவளிடம் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே, எஃபிக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். “எட்டு வருஷம்மா” என்றாள், அவ்வளவுதான், அது கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அப்புறம் எழுந்து நாற்காலியைப் போட்டு எல்லாவற்றையும் கீழே இறக்கினாள். கேள்வி ஒரு பக்கமும் பதில் ஒரு பக்கமுமாக எழுதி வைத்த அட்டைக் கட்டு ஒன்று வைத்திருக்கிறாள், அதை என் கையில் கொடுத்து, கேளு என்றாள். எனக்கு அந்தச் சொற்கள் வாயில் நுழையவில்லை, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன், அவள் சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை, பதிலை மட்டும் சொன்னாள். சாயங்கால ஆராதனைக்கு நான் போகவில்லை. கடைசி அட்டை முடிந்ததும், பரீட்சை எல்லாம் முடியட்டும், அக்காவுக்கு எழுது, நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன் என்றாள். தேர்வு நடத்துகிறவர்களுக்கு எழுதுவதாக அந்த டீச்சர் சொன்னதற்கும் சரி சொல்லிவிடுகிறேன் என்றாள். அது ஏன் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். எப்படி என்றால், எழுதினேன் என்றாள். அன்று மத்தியானமே மார்சலி வந்துவிட்டாள், “நேத்து சாயங்காலம் ஒன்னக் காணோமே, ஒடம்புக்கு என்ன?” என்று கேட்டுக்கொண்டு. உடம்புக்கு ஒன்றுமில்லை, இஷ்பெல் படித்தாள், நான் கூட இருந்தேன் என்று நேராகவே சொன்னேன். அவள் டீயைக் கலக்கிக்கொண்டே, “நீ சொல்லிக்குடுத்த கெமிஸ்ட்ரியா? பாவம், அந்தப் புள்ள நெலம” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் நான் பயந்தது இவ்வளவுக்குத்தான்.

மற்றப் பரீட்சைகளும் போன வாரம் முடிந்துவிட்டன. இஷ்பெல் என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள், சரியாகிவிடும், ஆகாவிட்டாலும் நான் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆகஸ்ட் நாலாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் மார்க் வரும். நீ என்னைக் கூப்பிட வேண்டாம், அவளுடைய நம்பருக்குக் கூப்பிடு, நல்லதானாலும் கெட்டதானாலும் அதை அவள் உன்னிடம்தான் பேச வேண்டும், என்னிடம் இல்லை. இதை மறக்காதே. என்மேல் எவ்வளவு காலம் கோபம் வேண்டுமோ வைத்துக்கொள் மகளே, சனிக்கிழமை ஃபோன் மணி அடிக்காவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். அப்பாமேல் இருப்பதை மட்டும் எடுத்துவிடு, அது அவருக்குச் சேர வேண்டியதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைப்படும் மிருகங்களெல்லாம் பிழைக்கட்டும்.

கல்லறைக்கு இன்னும் கல் நிறுத்தவில்லை, மண் இறுகக் கொஞ்ச காலம் விட வேண்டுமாம். கல் செதுக்குகிறவர் எழுத்தைக் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். இன்னாருடைய புருஷன், இன்னார் இன்னாருடைய அப்பா என்று போடுவது வழக்கம். உன் பெயரைப் போட எனக்கு உரிமை இல்லை, எஃபி, நீ சொன்னால்தான் போடுவேன். நீ சொல்லும்வரை கல் செதுக்குகிறவரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
டொலினா