அப்பாவின் நாக்கு என் மேஜையில்

மார்ச் 4

அப்பாவுக்கு,

நலமா என்று தொடங்க வழியில்லை. போன திங்கட்கிழமை, உங்கள் நாக்கில் தேய்த்த பஞ்சுக் குச்சி குழாயில் அடைபட்டு, உங்கள் பெயரும் வயதும் ஒட்டப்பட்டு, என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. பூஞ்சை என்று சந்தேகம் வந்தால் எல்லா டாக்டர்களும் எங்கள் லேபுக்குத்தான் அனுப்புவார்கள். அது உங்களுக்குத் தெரியாதா, இல்லை தெரிந்துதான் வாயைத் திறந்தீர்களா?

அம்மா போன பிறகு நீங்கள் செய்துகொண்ட கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அதற்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவும் இல்லை. அதற்காக நாக்கையா அனுப்பி வைப்பது?

சொந்தக்காரர்களின் குழாயை நாங்களே கையாளுவதில்லை. பக்கத்து மேஜைத் தோழியிடம் கொடுத்துவிட்டேன். வாயில் வழக்கமாக வரும் ஈஸ்ட் என்ற பூஞ்சைதானாம். அதைத் தட்டில் பரப்பி, நடுவில் மருந்து தோய்த்த சின்ன வட்டக் காகிதம் வைத்தாள். மறுநாள் பார்த்தால் காகிதத்தைச் சுற்றி அகலமாக ஒரு வளையம், அதற்குள் எதுவும் முளைக்கவில்லை. அதாவது, அந்த மருந்துக்கு அது அடங்கும். டாக்டர் கொடுக்கும் மாத்திரையை ஒருநாளும் விடாமல் சாப்பிடுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் டிக்கெட் கவுண்டர் அம்மாள் நேரத்துக்கு எடுத்துத் தருவார்கள் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள்

மார்ச் 9

சுண்டெலியின் கனிவான கவனத்துக்கு,

முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொன்ன வாய் இது, கடிதமும் இப்படித்தான் தொடங்க வரும். உன் கையெழுத்தைப் பார்த்ததுமே பாதி நோய் போய்விட்டது. மீதிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நாக்கெல்லாம் வெள்ளை, மேல்வாயில் எரிச்சல், காப்பி குடித்தால் வெந்நீர் குடித்த மாதிரி இருக்கிறது. இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன், அதுவும் கட்டுப்பல்லை!

லேபுக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். "எந்த லேபு?" என்று கேட்டேன். பதில் வந்ததும் வாயைப் பெரிதாகத் திறந்தேன். போதுமா?

ஒரு சின்ன மனக்குறை. அவளுக்கு உன்னோடு ஒரு உறவுமுறை இருக்கிறது. அவள் டிக்கெட் கவுண்டரை விட்டு வந்து எவ்வளவோ நாளாகிறது. போனில் பேசலாம் என்றால் வீடு சின்னது, எல்லாம் அவள் காதில் விழும். நீ கடிதமே எழுது.

அன்புடன்,
அப்பா

ஏப்ரல் 6

அப்பாவுக்கு,

உங்கள் குழாய் மறுபடியும் வந்திருக்கிறது. மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டதாமே. மருந்து வேலை செய்யவில்லையோ, ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி மருந்து ஏற்றலாமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அந்த மருந்துகளில் சில சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா.

தோழி மறுபடி சோதித்தாள். அதே ஈஸ்ட், அதே அகல வளையம். மருந்து கேட்கத்தான் செய்கிறது.

தட்டில் நடப்பது பூஞ்சைக்கும் மருந்துக்கும் மட்டுமான சண்டை. அங்கே எச்சில் இல்லை, வாய் இல்லை, வாய்க்குச் சொந்தக்காரரும் இல்லை. மருந்து கேட்கும் என்று நாங்கள் எழுதி அனுப்பினால் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் தேறுவார்கள், கேட்காது என்று எழுதினாலும் பத்துக்கு ஆறு பேர் எப்படியோ தேறிவிடுவார்கள் என்று எங்கள் தலைமை மேடம் சொல்வார். தேறாத அந்த ஒருவர் ஏன் தேறவில்லை என்று தட்டைக் கேட்டால் தெரியாது. ஆளைத்தான் கேட்க வேண்டும்.

அதனால் கேட்கிறேன். மாத்திரையை நடுவில் விட்டீர்களா? சர்க்கரை பார்த்தீர்களா? ராத்திரி பல்செட்டைக் கழற்றி வைக்கிறீர்களா? டாக்டரிடம் மழுப்பியிருப்பீர்கள், என்னிடம் மழுப்ப வேண்டாம்.

உங்கள் மகள்

ஏப்ரல் 14

அன்புள்ள சுண்டெலிக்கு,

மாத்திரையை விடவில்லை. சர்க்கரை இல்லை. மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆனது.

கழற்றுவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு ராத்திரிகூடக் கழற்றவில்லை. காலையில் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அவசரமாக ஒரு அலசு, உடனே திரும்பவும் வாய்க்குள்.

சிரிக்காதே. அவள் கவுண்டரில் இருந்த காலத்தில் என் முகத்தைப் பார்த்தது குறைவு, குரலைக் கேட்டதுதான் அதிகம். "உங்க குரல் கேட்டாத்தான் எனக்கு அன்னிக்கு வேலை ஓடும்" என்று அவளே சொல்லியிருக்கிறாள். பல் இல்லாவிட்டால் என் வாயில் வெறும் காற்றுதான் வரும். குரலுக்காக வந்தவளிடம் காற்றை எப்படிக் காட்டுவது? கட்டுப்பல் என்பது அவளுக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. இந்த வயதில் ஒருத்தி துணைக்கு வந்திருக்கிறாள். போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது, வேறு எப்படிச் சொல்ல.

உன் அம்மாவிடம் இந்தப் பயம் இருந்ததில்லை. என் பல் ஒவ்வொன்றாக விழுந்ததைக் கூட இருந்து பார்த்தவள். அந்த மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்தைத் தினமும் கழுவி, தண்ணீர் ஊற்றித் தலைமாட்டில் வைப்பாள். நீ கோபித்துக்கொண்டு கிளம்பியபோது அம்மாவின் சாமான்களோடு அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். கழற்றினால் எதில் வைப்பது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா

ஏப்ரல் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா பார்த்த பல்லில்லாத முகத்தை வீட்டில் இருக்கும் அவர்கள் இன்னும் பார்க்கவில்லை, அந்த இடம் அம்மாவுக்குத்தான் என்று. பிறகு வேலைக்குப் போனேன். தோழி உங்கள் தட்டைக் கழுவப் போட எடுத்தாள். என் அப்பா வாய் வெந்து கிடக்கிறார், அதில் எனக்கு என்ன சந்தோஷம் என்று அழுகை வந்துவிட்டது.

விஷயம் இதுதான். பல்செட்டின் உட்பக்கத்தில் ஈஸ்ட் பிசுபிசுவென்று படலம் கட்டி உட்கார்ந்துகொள்ளும். தட்டில் மருந்துக்கு அடங்குகிற அதே ஈஸ்ட், படலத்துக்குள் இருக்கும்போது அடங்காது. மாத்திரை வாயைச் சுத்தம் செய்கிறது, நீங்கள் அதே பல்லை மாட்டி மறுபடி விதைக்கிறீர்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. ராத்திரி கழற்றுங்கள், நன்றாகத் தேய்த்துக் கழுவி ஊறப்போடுங்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊசிதான்.

வீட்டில் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதற்கு எங்கள் லேபில் சோதனை இல்லை.

கிண்ணம் என்னிடம்தான் இருக்கிறது. கொண்டை ஊசிகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

சுண்டெலி

ஏப்ரல் 27

அன்புள்ள சுண்டெலிக்கு,

டாக்டரிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். ஊசி வேண்டாம் என்று, பல்செட்டை ஊறப்போட ஒரு மருந்தும் இன்னும் கொஞ்ச நாளைக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

நேற்றுச் சாப்பாடு முடிந்ததும் அவள் எதிரில் உட்கார்ந்து கழற்றினேன். கையில் வைத்துக்கொண்டு, பிடிபட்ட திருடன் மாதிரி இருந்தேன். அவள் எழுந்து உள்ளே போனாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒரு டம்ளரில் தண்ணீரோடு வந்தாள். பல் அதற்குள் இறங்கவில்லை. போய் வேறொன்று கொண்டுவந்தாள். அது ரொம்பத் தட்டை, பல் முங்கவில்லை.

"இதுக்குன்னு ஒரு பாத்திரம் வச்சிருந்திருப்பீங்களே, எங்க?" என்றாள்.

மகள் எடுத்துப் போய்விட்டாள் என்றேன். பாதி காற்றாகத்தான் வந்தது, ஆனாலும் அவளுக்குப் புரிந்தது.

"அது அவ அம்மாவோடது. அவகிட்டயே இருக்கட்டும். நாம புதுசு வாங்கிக்கலாம்" என்றாள்.

பிறகு, "எங்க, ஒரு வண்டி அறிவிப்பு சொல்லுங்க, கேப்போம்" என்றாள். சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

அப்பா

மே 30

அன்புள்ள சித்திக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அப்பாவின் குழாய் மூன்றாம் முறையாக வந்தது. தட்டில் சொல்லும்படி ஒன்றும் முளைக்கவில்லை, மருந்து வைத்துப் பார்க்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. தோழி தட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

இத்துடன் ஒரு கண்ணாடிக் கிண்ணம் அனுப்புகிறேன். மூடியின் ஓரத்தில் ஒரு விரிசல் உண்டு, அந்தப் பக்கம் பிடிக்காதீர்கள். வெந்நீர் ஊற்ற வேண்டாம், பல்செட் வளைந்துவிடும். அப்பா தேய்க்காமலே போட்டுவிட்டுத் தேய்த்தேன் என்பார். அம்மா பக்கத்திலேயே நின்று பார்ப்பாள். நீங்களும் நில்லுங்கள்.

புதிது வாங்கியிருந்தால் அது எனக்கு இருக்கட்டும். விடுமுறைக்கு அங்கே வருகிறேன், கொண்டை ஊசி போட்டு வைக்க எனக்கு ஏதாவது வேண்டும்.

அன்புடன்,
சுண்டெலி