முதலில் எது, பிறகு எது

ஆகஸ்ட் 3
நாத்தனார் வந்திருந்தாள். அவள் பெருக்கித் துடைக்கிற இன்ஜினியரிங் காலேஜில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் டீச்சருக்கு, என்னை மாதிரி கொஞ்சம் படித்த ஆள் வேண்டுமாம். ஏன், இன்ஜினியர் ஆகப்போகிறவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதா?

"பிள்ளைங்க எழுதுனதைப் படிச்சு அதுபடியே செய்யணும் அண்ணி, அவ்வளவுதான்."

நம்பவில்லை. கம்பெனிக்காரன் வேலையாக இருக்கும். அங்கே அரவை மிஷின் என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்ட அன்றே, "போர்டு மாட்டியிருந்தோம், உன் புருஷன்தான் படிக்கல" என்றவன். எனக்கும் படிக்க வராது என்று காட்டிவிட்டால் பழி முழுசாக அவர் தலையில்தான்.

ஆகஸ்ட் 4
போகமாட்டேன்.

ஆகஸ்ட் 6
போனேன். "செத்தது என் கூடப்பிறந்தவன். உங்களை நான் மாட்டிவிடுவேனா?" என்று நாத்தனார் அழுதுவிட்டாள்.

மேஜைமேல் தண்ணீர் மோட்டார், அதை ஓட்டும் முறையை ஒரு பையன் எழுதிய தாள். சுற்றிப் பிள்ளைகள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எழுதினவன் பேசக்கூடாதாம், அந்த வகுப்பில் அது சட்டமாம். நான் திக்கினால் பேனாக்கள் ஓடுகின்றன. என்னத்தை எழுதுகிறார்கள்?

தாளில் இருந்தபடி சுவிட்சைப் போட்டேன். மோட்டார் அலறியது. அதற்கு முன்பே தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும் என்று அடுத்த வரியில் இருக்கிறது! மானமே போயிற்று.

டீச்சர் எழுதினவனிடம், "நீ எழுதுன வரிசையிலதானே அவங்க செஞ்சாங்க? தப்பு உன்னோடது" என்றார்.

எனக்காகப் போட்ட நாடகமோ?

ஆகஸ்ட் 9
அந்தப் போர்டு வாசகம் மனப்பாடம். 'அடைப்பை அகற்றும்போது மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டுள்ளதை உறுதிசெய்க.'

அடைப்பு முதலில் வருகிறது. கரண்ட் பிறகுதான்.

ஐயோ... உள்ளுக்குள்ள நானும் அவரைத்தான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேனா?

ஆகஸ்ட் 11
வாசகத்தை டீச்சரிடம் சொன்னேன். எந்த இடத்துப் போர்டு என்று சொல்லவில்லை. எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும்? பிள்ளைகளை வேறு மாதிரி எழுதச் சொன்னார். ஒரு பெண் தாளை நீட்டினாள்.

'முதலில் மெயினை அணை. சக்கரம் நின்றுவிட்டதா என்று பார். பிறகு கையை உள்ளே விடு.'

திக்காமல் படித்துவிட்டேன்.

"இது எங்க வீட்டுக்காரருக்குப் புரிஞ்சிருக்கும்" என்று வாயில் வந்துவிட்டது.

"அப்படியா! அவரையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்களேன்மா" என்றார் டீச்சர் சிரித்துக்கொண்டே.

இவருக்கு ஒன்றுமே தெரியாது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கம்பெனி பெயரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.