பதினோரு அடி என்றீர்களே, உள்கூடா?

என்னங்க,

படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், உங்களை நான் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. மன்னார்குடி மனையில் நீங்கள் இல்லாமலே வீடு வரப்போகிறது. திங்கட்கிழமை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறார்கள். பிளான்தான் இன்னும் முடியவில்லை. நான்தான் கம்ப்யூட்டரில் வரைகிறேன்.

அதற்கு சாஃப்ட்வேர் தேடியதே பெரிய கூத்து. சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் தம்பி சொன்னதற்கு வருடாவருடம் பணம் கட்ட வேண்டுமாம். ஒரே ஒரு வீட்டுக்கு எதற்கு? அடுத்தது இலவசம் என்று கூப்பிட்டு, பாதி வீடு வரைந்ததும் காசு கேட்டது. மூன்றாவது நிஜமாகவே இலவசம். அதில் நம் படுக்கையறைக்குப் பதினொன்று என்று அடித்தேன். அறையையே காணோம். திரையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு புள்ளி. பதினொரு மில்லிமீட்டராம். எறும்புதான் குடியிருக்கலாம்.

வீடியோ பார்த்து அடிக்கு மாற்றினேன். கீழ்வேளூரில் அம்மா வீட்டிலிருந்து சீராக வந்த நம் கட்டிலை அளந்து உள்ளே வைத்தேன். கதவு கட்டிலில் இடிக்கிறது. பிறகுதான் தெரிந்தது, இரண்டு பக்கச் சுவர்களின் கனத்தையும் சேர்த்துத்தான் அது பதினோரு அடி என்கிறது.

அங்கேதான் எனக்கு எல்லாம் குழம்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் நீங்கள் "நம்ம ரூமுக்குப் பதினோரு அடி போதும் மேரி" என்றீர்களே, அது உள்கூடா, சுவரோடு சேர்த்தா? ஏன் அப்போதே கேட்டுக்கொள்ளாமல் தலையாட்டினேன்? சுவர் போக உள்ளே கிடைக்கிற அளவைத்தான் எல்லோரும் சொல்வார்கள் என்கிறார் கொத்தனார். அப்படியென்றால் நீங்கள் ஆசைப்பட்ட ஹால் சுருங்கிவிடும் என்கிறாள் உங்கள் தங்கை. நேற்று தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள்.

"அண்ணி, இனிமே ஒங்க ஒருத்தருக்கு எதுக்கு அவ்வளவு பெரிய கட்டிலு? ஒத்தக் கட்டில் போட்டா கதவு தாராளமா தொறக்குமுல்ல?"

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒற்றைக் கட்டில் போட்டும் பார்த்தேன். கதவு திறந்தது. அந்த அறைக்குள் போகத்தான் எனக்கு மனம் வரவில்லை.

உள்கூடு என்றே வரைந்துவிட்டேன். இதுதான் நீங்கள் சொன்னதா என்று இன்னும் தெரியவில்லை. தப்பென்றால் நான் அங்கே வரும்போது திட்டுங்கள். சன்னல் பக்கம் எப்போதும்போல் உங்களுக்கு. அந்தப் பக்கம் நான் புரண்டுகூடப் படுக்க மாட்டேன்.

உங்கள்
வீட்டுக்காரி